திருவையாறு தியாகராஜர் ஆராதனை: கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்விகள்

மார்கழி பொறந்துட்டாலே என் வாட்ஸ்அப்ல திருவையாறு ஆராதனைக்கு எப்ப வரணும், எப்படி வரணும்ங்கற பேச்சுதான். தஞ்சாவூர்க்காரன்ங்கறதால சென்னை சொந்தக்காரங்க, பழைய ஆபீஸ் ஆளுங்க, அவங்களோட பாட்டு டீச்சர்னு வரிசையா கேப்பாங்க, நானும் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துட்டேன். அதான் மொத்தமா ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். இனிமே கேட்டா லிங்க்தான்.

இது என்னங்க, மியூசிக் ஃபெஸ்டிவலா இல்ல திதியா?

ரெண்டும்தான். தியாகராஜர் கர்நாடக சங்கீதத்துல நூத்துக்கணக்கா கீர்த்தனை எழுதினவர், 1767-ல திருவாரூர்ல பொறந்தவர், வாழ்க்கைல பெரும்பகுதி திருவையாத்துலதான் இருந்தார், 1847-ல அங்கயே காவேரிக்கரையில சமாதி. கடைசி நேரத்துல சந்நியாசம் வாங்கிக்கிட்டாரு, சந்நியாசிக்கு திவசம் கெடையாது, ஆராதனைதான் பண்ணுவாங்க. அந்த ஆராதனைய பூஜையோட நிறுத்தாம அவர் பாட்டையே பாடி செய்யறாங்க, அதுதான் இந்த விழா.

அதனால சென்னை சபா கச்சேரி மாதிரி நெனச்சுட்டு வந்தீங்கன்னா மொத அரை மணி நேரத்துக்கு ஒண்ணும் புரியாது. ஒரு பக்கம் அபிஷேகம் நடக்கும், ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் போலீஸ், நடுவுல யாரோ ஒரு கொழந்தைய காணோம்னு மைக்ல சொல்லிட்டு இருப்பாங்க.

நெட்ல ஜனவரி 6-னு போட்ருக்கு, நீங்க வேற தேதி சொல்றீங்களே?

1847-ல அவர் சித்தியானது ஜனவரி 6, அது சரிதான். ஆனா ஆராதனைக்கு இங்கிலீஷ் தேதி கணக்கில்ல, திதிதான் கணக்கு. புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாசத்து பௌர்ணமி முடிஞ்சு தேய்பிறையில வர்ற அஞ்சாம் நாள். 2023-ல ஜனவரி 11, 2024-ல ஜனவரி 30, 2025-ல ஜனவரி 18-னு மாறிட்டே இருக்கும், 2021-ல பிப்ரவரி 2 வரைக்கும் போயிடுச்சு.

பொங்கலுக்கு முன்னாடியும் வரும், பின்னாடியும் வரும், அதனால ரயில் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பஞ்சாங்கத்த பாத்துடுங்க. பொங்கல் கூட்டத்தோட சேந்து வந்துச்சுன்னா டிக்கெட் கெடைக்கறது குதிரக்கொம்பு. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அன்னிக்கு உள்ளூர் லீவு விடறது வழக்கம்.

அஞ்சு நாளும் இருக்கணுமா? எந்த நாள் முக்கியம்?

பொதுவா அஞ்சு நாள் நடக்கும், முக்கியமான நாள் பஞ்சமி. அன்னிக்கு காலங்காத்தால திருமஞ்சன வீதியில அவர் வாழ்ந்த எடத்துலேந்து உஞ்சவிருத்தி பஜனை கெளம்பும், படத்த எடுத்துக்கிட்டு பாடிக்கிட்டே சமாதி வரைக்கும் வருவாங்க. அவர் காலத்துல தெருவுல பாடிக்கிட்டே போய் அரிசி வாங்கி சாப்பிட்டதே அப்படித்தான், அதுக்குத்தான் உஞ்சவிருத்தின்னு பேர். அப்பறம் நாகஸ்வரம், அது முடிஞ்சு புல்லாங்குழல்காரங்க எல்லாம் சேந்து பைரவி ராகத்துல ஒரு கீர்த்தனை வாசிப்பாங்க, அதுக்கு அப்பறம் ஒம்போது மணி சுமாருக்கு பஞ்சரத்னம், அதாவது அவரோட அஞ்சு பெரிய கீர்த்தனைய எல்லாரும் சேந்து பாடறது. டிவில வர்றது இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான்.

ஆனா என்னைய கேட்டீங்கன்னா பஞ்சமிக்கு முந்தின நாள் சாயங்காலமே வந்துடுங்க. பஞ்சமி அன்னிக்கு பாக்கறது கூட்டம், முந்தின நாள் ராத்திரி கேக்கறதுதான் பாட்டு. பந்தல் பாதி காலியா இருக்கும், மணல்ல கால நீட்டி ஒக்காந்துக்கலாம், பேரே கேள்விப்படாத ஒருத்தர் வந்து தோடி ராகத்துல ஒண்ண பாடிட்டு எறங்கி போயிட்டே இருப்பாரு.

டிக்கெட் எவ்ளோ? பாஸ் யாருகிட்ட வாங்கணும்?

டிக்கெட்டே கெடையாது. யார் வேணா வரலாம், எங்க வேணா ஒக்காரலாம், பாடறவங்களுக்கும் விஐபிக்கும் தடுத்து வெச்ச பகுதிய தவிர. "பாஸ் வாங்கித் தரேன்"னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

எத்தன மணிக்கு வந்தா எடம் கெடைக்கும்?

பஞ்சமி அன்னிக்குன்னா ஏழு மணிக்குள்ள. எட்டரைக்கு வந்தா பந்தலுக்கு வெளியில நின்னு ஸ்பீக்கர்ல கேக்கறதுதான், அதுவும் தப்பில்ல, நெறைய உள்ளூர்க்காரங்க அப்படித்தான் கேப்பாங்க. பாடறவங்க ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம்னு எதிரெதிரா வரிசையா ஒக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு நடுவுல வயலின், மிருதங்கம், கடம்னு பக்கவாத்தியம். சமாதியையும் பாடறவங்களையும் சேத்து பாக்கணும்னா சீக்கிரம் வந்தே ஆகணும், வேற வழியில்ல.

கீழ மணல்தான், மேல பாய் இல்லன்னா ஜமுக்காளம் போட்டிருப்பாங்க. முட்டி வலி இருக்கறவங்க மடக்கற ஸ்டூல் ஒண்ணு கொண்டு வந்து ஓரமா போட்டுக்குங்க. காலைல ஆத்தங்கரை பனி நல்லா எறங்கும், பெரியவங்களுக்கு ஒரு மப்ளர் வேணும், பதினோரு மணிக்கெல்லாம் அதே எடத்துல வேர்த்து ஊத்தும். கொசுவ பத்தி நான் சொல்லவே வேணாம், டெல்டா.

பஞ்சரத்னம்னா அஞ்சு பாட்டுதானே, அதுக்கு ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது?

ஒவ்வொண்ணும் பெரிய பாட்டுங்க. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு கன ராகம், அஞ்சுமே ஆதி தாளம், இந்த வரிசையிலதான் பாடுவாங்க. ஒவ்வொரு சரணத்தையும் மொதல்ல ஸ்வரமா பாடிட்டு அப்பறம் அதே மெட்டுல சாகித்யம், அதாவது பாட்டு வரி, பாடறதால டபுள் நேரம் ஆகும். மொத பாட்டு சமஸ்கிருதம், மத்த நாலும் தெலுங்கு.

அர்த்தம் கொஞ்சம் தெரிஞ்சுட்டு வந்தா நல்லாருக்கும். மொதல்ல ராமன பத்தி பேர் பேரா அடுக்குவாரு, கௌளையில தான் பண்ண தப்பெல்லாம் பட்டியல் போட்டு என்னை மாதிரி ஒருத்தன யார் காப்பாத்துவான்னு அழுவாரு, ஆரபியில கண்ணன செல்லமா திட்டுவாரு, காரியம் சாதிச்சுக்கிட்டான் பாருன்னு. வராளியில அழகு. ஸ்ரீல பெரியவங்க எல்லாருக்கும் ஒரு கும்பிடு. எனக்கு புடிச்சது கௌளைதான், அவ்ளோ பெரிய மனுஷன் தன்னையே இப்படி போட்டு காய்ச்சறத ஊரே கூடி பாடறது வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

எனக்கு பாதிதான் தெரியும், ஸ்வரம் சுத்தமா வராது. கூட சேந்து பாடலாமா?

தாராளமா. பந்தல்ல ஒக்காந்திருக்கறவங்கள்ல பாதிப்பேரு கைல புஸ்தகம் வெச்சுக்கிட்டு பாடிட்டுத்தான் இருப்பாங்க, யாரும் உங்கள திரும்பிப் பாக்க மாட்டாங்க, அந்த சத்தத்துல உங்க அபஸ்வரம் உங்க பக்கத்துல இருக்கறவருக்கே கேக்காது. பஞ்சரத்ன புஸ்தகம் தமிழ்லயே கெடைக்குது, இல்லாட்டி போன்ல பிடிஎஃப் வெச்சுக்குங்க, ஆனா அங்க சிக்னல் படுத்தும், முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க.

புதுசா பாடறவங்க மாட்டிக்கற எடம் ஆரபிதான். மத்ததுல சரணம் முடிஞ்சதும் பல்லவிக்கு திரும்புவோம்ல, அதுல மட்டும் "சமயானிகி"ங்கற வரிக்கு திரும்பணும். வீட்ல தனியா பாடறப்ப சரியா வரும், கூட்டத்துல கை தானா பல்லவி எடத்துக்கு தாளம் போட்டுரும். பக்கத்துல யாராவது வயசான மாமி இருந்தா அவங்க வாய பாத்துக்கிட்டே பாடுங்க, அவங்க தப்பு பண்ண மாட்டாங்க.

வராளிய குரு சிஷ்யனுக்கு நேரா சொல்லித்தரக் கூடாதாமே? அப்ப எல்லாரும் எப்படி பாடறாங்க?

அப்படி ஒரு நம்பிக்கை இருக்கு, சொல்லிக்குடுத்தா குருவுக்கும் சிஷ்யனுக்கும் சண்டை வந்துரும்னு. அதனால வராளி கீர்த்தனைய பல டீச்சருங்க தனியா ஒக்கார வெச்சு பாடம் எடுக்க மாட்டாங்க. பசங்க கேட்டுக் கேட்டே புடிச்சுக்குவாங்க, ரெக்கார்டிங்க போட்டு, அக்காங்க பாடறப்ப கூட பாடி. கோஷ்டியில மத்த நாலு பாட்டும் முழு சத்தமா வந்து வராளியில மட்டும் கொஞ்சம் எறங்குதுன்னா காரணம் இதுவாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், டீச்சர்கிட்ட போய் இத வெச்சு வாதம் பண்ணாதீங்க, அப்பறம் நெஜமாவே சண்டை வந்துரும்.

பெரிய பாடகருங்க வராங்கன்னு வந்தா கால் மணி நேரத்துல முடிச்சுட்டாங்க, ஏன்?

எல்லாருக்குமே அவ்ளோதான். காலைலேந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாடிட்டே இருக்கணும், ரெண்டு மேடை இருக்கும், ஒண்ணுல பாடறப்ப இன்னொண்ணுல அடுத்தவங்க மைக் சரி பண்ணிட்டு சுருதி சேத்துக்கிட்டு ரெடியா இருப்பாங்க. இங்க பெரிய வித்வானுங்களும் சன்மானம் பாக்காம ஒரு கீர்த்தனை, மிஞ்சினா ரெண்டு பாடிட்டு போவாங்க. முழு கச்சேரி கேக்கணும்னா டிசம்பர்ல சென்னைக்கு போங்க, இங்க வந்து சபாவ எதிர்பாக்காதீங்க.

இதுல ஒரு லாபமும் இருக்கு. ராகம் தானம் பல்லவி, தனி ஆவர்த்தனம்னு முழு கச்சேரில நேரம் எடுக்கறது ஒண்ணும் கெடையாது, ஒரே மத்தியானத்துல இருவது பேர் பாணி கேட்டுடலாம். அவர் பாட்டுன்னு இன்னிக்கு கைக்கு கெடைக்கறது எழுநூறுக்கு பக்கம், மத்த மேடைங்கள்ல அதுல ஒரு அம்பதுதான் சுத்திச் சுத்தி வரும், இங்கதான் மத்ததெல்லாம் வெளிய வரும்.

எம் பொண்ணு பத்து வருஷமா பாட்டு கத்துக்கறா, அவளுக்கு மேடை கெடைக்குமா?

கெடைக்கலாம். விழாவ நடத்தறது தியாகப்பிரம்ம மகோத்சவ சபா, பாட விருப்பம் இருக்கறவங்க அவங்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போடணும். கடைசி வாரத்துல போன் பண்ணி "ஒரு ஸ்லாட்"னு கேட்டா நடக்காது. கெடைச்சாலும் மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல, பந்தல்ல பாதிப்பேர் தூங்கற நேரமா இருக்கலாம், அதுக்கு மூஞ்சிய தூக்கி வெச்சுக்காம பாடற மனசு இருந்தா மட்டும் அனுப்புங்க. பாட்டு தியாகராஜரோடதா இருக்கணும், குடுத்த நேரத்துக்குள்ள முடிக்கணும், அவ்ளோதான் கண்டிஷன்.

மேடை கெடைக்கலன்னாலும் பஞ்சமி அன்னிக்கு கூட்டிட்டு வாங்க. மேல கூட சேந்து பாடறத பத்தி சொன்னேன்ல, அந்த கோஷ்டியே ஒரு மேடைதான்.

சமாதிக்கு எதிர்ல ஒரு பொம்பள சிலை கும்பிட்ட மாதிரி இருக்கே, அது யாரு?

இத கேக்கறவங்கள எனக்கு ரொம்ப புடிக்கும், ஏன்னா பாதிப்பேர் பாக்காமயே போயிடறாங்க. அது பெங்களூர் நாகரத்தினம்மா. மைசூர் பக்கம் நஞ்சன்கூடுல 1878-ல பொறந்தவங்க, தேவதாசி மரபு, சென்னையில பெரிய பாடகியா இருந்து நல்லா சம்பாதிச்சவங்க. தியாகராஜர் சமாதி பாழடைஞ்சு கெடக்குன்னு கேள்விப்பட்டு, அந்த நெலத்த வாங்கி, சொந்தக் காசுல, நகைய வித்து கோயில் கட்டினாங்க. 1925 ஜனவரில கும்பாபிஷேகம். நீங்க இன்னிக்கு போய் கும்பிடற எடம் அவங்க கட்டினது.

கொடுமை என்னன்னா கோயில கட்டினவங்களுக்கே ஆராதனையில பாட அனுமதி இல்ல. அப்ப நடத்திட்டு இருந்த ஆம்பளைங்க யாரும் பொம்பளைங்கள மேடையேத்த மாட்டாங்க. அவங்க கோர்ட்டு வாசல்ல நின்னு அழல, பொம்பளைங்களயெல்லாம் சேத்து கோயிலுக்கு பின்பக்கம் தனியா ஒரு ஆராதனைய ஆரமிச்சுட்டாங்க. சொத்தையும் இந்த கோயிலுக்கே எழுதி வெச்சு, பொம்பளைங்க பாடற உரிமையையும் அதுல சேத்து எழுதினாங்க. 1952-ல காலமானாங்க, சமாதிய பாத்த மாதிரியே அவங்க சமாதியும் அமைஞ்சுது. பஞ்சமி அன்னிக்கு எதிர் வரிசையில பட்டுப்பொடவை கட்டிக்கிட்டு எத்தன பேர் பாடறாங்கன்னு ஒரு தடவ எண்ணிப் பாருங்க.

பெரிய கட்சி, சின்ன கட்சின்னு தாத்தா சொல்லுவாரு, அது என்ன அரசியலா?

பாட்டுக்காரங்க அரசியல். தியாகராஜர் போனதுக்கு அப்பறம் சிஷ்யருங்க அவங்கவங்க ஊர்ல திதி பண்ணிட்டு இருந்தாங்க, உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டைன்னு மூணு பரம்பரை. 1903-ல உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து சமாதிய சரி பண்ணாங்க. அதுக்கு அப்பறம் தில்லைஸ்தானத்து அண்ணன் தம்பி நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் ரெண்டு பேரும் விழாவ பெரிசா எடுத்து நடத்தினாங்க, நடத்தறப்பவே முட்டிக்கிச்சு. சின்ன கட்சி திதிக்கு முன்னாடி ஆரமிச்சு அன்னியோட முடிப்பாங்க, பெரிய கட்சி அன்னிக்கு ஆரமிப்பாங்க. ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் பொம்பளைங்கள சேக்கக் கூடாதுங்கறதுதான்.

மேல சொன்ன நாகரத்தினம்மா ஆரமிச்சது மூணாவது கட்சி. 1940-ல மூணையும் ஒண்ணாக்கினாங்க, அதுக்கு பின்னாடிதான் ஆணும் பெண்ணும் சேந்து பஞ்சரத்னம் பாடற வழக்கமே வந்துச்சு. அதனால "ஆதிகாலத்துலேந்து இப்படித்தான்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இந்த கோஷ்டி கானத்துக்கு இன்னும் நூறு வயசு ஆகல.

தமிழ்நாட்டுல நடக்கற விழாவுல ஏன் தமிழ்ப் பாட்டே இல்ல?

வருஷா வருஷம் சண்டைல முடியற கேள்வி. நேர் பதில், இது தியாகராஜருக்கு நடத்தற ஆராதனை, அதனால அவர் பாட்டு மட்டும், அவர் எழுதினது தெலுங்குலயும் கொஞ்சம் சமஸ்கிருதத்துலயும். முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும்கூட திருவாரூர்ல பொறந்தவங்கதான், அவங்க பாட்டையும் இங்க பாடறதில்ல.

ஆனா அதோட முடிஞ்சு போற விஷயம் இல்ல. 1946-ல பாடகர் எம்.எம். தண்டபாணி தேசிகர் இங்க ஒரு தமிழ்ப் பாட்டு பாடினதுக்கு பெரிய ரகளை ஆச்சு, தமிழிசை இயக்கம் சூடா இருந்த நேரம் வேற, 1943-லதான் சென்னையில தமிழ் இசைச் சங்கம் ஆரமிச்சிருந்தாங்க. அந்த கோவத்துல நியாயம் இருந்துச்சுன்னு நான் நெனக்கறேன். மத்த கச்சேரி மேடைங்கள்லயும் தமிழ துக்கடாவா கடைசியில தள்ளி வெச்சாங்கல்ல, அந்த வலிதான் இங்க வந்து வெடிச்சுது. இந்த ஒரு நாள்ல ஒருத்தர் பாட்டு மட்டும் பாடறதுல எனக்கு வருத்தம் இல்ல, மத்த நாள்ல தமிழ்ல கீர்த்தனை எழுதின முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் எத்தன மேடையில மெயினா வராங்கங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

டான்ஸ் இருக்கா? பசங்க பரதம் கத்துக்கறாங்க.

இங்க பாட்டும் வாத்தியமும்தான். நாட்டியம்னா சிதம்பரம் நாட்டியாஞ்சலிக்கு போங்க, மகா சிவராத்திரிய ஒட்டி நடக்கும், 1981-லேந்து நடக்குது, நாட்டோட எல்லா பக்கத்துலேந்தும் வந்து ஆடுவாங்க. பரதம் மட்டும் இல்ல, ஒடிசி, குச்சிப்புடி, மோகினியாட்டம் எல்லாம் பாக்கலாம். ஆராதனைக்கும் சிவராத்திரிக்கும் நடுவுல சில வாரம்தான் இருக்கும், பசங்க ஸ்கூல் பரீட்சைய பாத்து ஒண்ண தேர்ந்தெடுங்க.

எப்படி வர்றது, எங்க தங்கறது, சாப்பாடு?

தஞ்சாவூர் வரைக்கும் ரயில், அங்கேந்து 13 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி இருக்கு, விழா சமயத்துல கூடுதலா விடுவாங்க. வழியில ஆறு மாத்தி ஆறா பாலம் வரும், வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில காவேரி, ஊர் பேர பஸ்லயே எண்ணிடலாம். கார்ல வந்தா ஊருக்கு வெளியிலயே நிறுத்தச் சொல்லுவாங்க, நடக்க தயாரா வாங்க. தங்கறதுக்கு தஞ்சாவூர்தான் நல்லது, திருவையாத்துல ரூம் கம்மி.

சாப்பாடு பிரச்சனை இல்ல. ஆனா அசோகா அல்வா சாப்டாம போகாதீங்க, பாசிப்பருப்பு வேக வெச்சு நெய்யும் சர்க்கரையும் விட்டு கிண்டறது, சூடா வாழை இலைத் துண்டுல வெச்சு தருவாங்க, விரல்ல நெய் வழியும். ஆறினத பார்சல் வாங்கிட்டு போய் "ஒண்ணும் ஸ்பெஷலா இல்லையே"ன்னு எனக்கு மெசேஜ் போடறவங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் பதில் போடறதில்ல.

டிவில லைவா வருதே, அத பாத்தா போதாதா?

பஞ்சரத்னம் மட்டும் வேணும்னா போதும், தூர்தர்ஷன்லயும் ஆல் இந்தியா ரேடியோவுலயும் வருது, சத்தம்கூட பந்தல விட அங்க சுத்தமா இருக்கும். வர முடியாத பெரியவங்களுக்கு அதுதான் சரி. ஆனா டிவில கேமரா பெரிய ஆளுங்க மூஞ்சியவே காட்டும், மூணாவது வரிசையில கண்ண மூடிட்டு ஆந்திராவுலேந்து வந்த ஸ்கூல் டீச்சர் பாடறத காட்டாது.

நான் அமெரிக்கால இருக்கேன், ஜனவரில லீவு கெடைக்காது. வேற எங்கயாவது நடக்குதா?

கிளீவ்லாண்ட்ல 1978-லேந்து தியாகராஜ ஆராதனை நடக்குது, ஈஸ்டர் சமயத்துல, பத்து நாளுக்கு மேல. அங்கயும் கூட்டமா பஞ்சரத்னம் பாடுவாங்க, பசங்களுக்கு போட்டியெல்லாம் உண்டு, முழு கச்சேரியும் டான்ஸும் உண்டு, அந்த வகையில திருவையாத்துல இல்லாததும் அங்க இருக்கு. பஞ்சரத்னம் கோஷ்டியா பாடறது இப்ப ஊர் ஊருக்கு நடக்குது, உங்க ஊர் தமிழ்ச் சங்கத்துலயோ கோயில்லயோ விசாரிங்க.

அந்த நேரத்துல வரவே முடியாது, வேற மாசத்துல வந்தா ஏதாவது பாக்கறதுக்கு இருக்கா?

இருக்கு. சமாதி வருஷம் பூரா இருக்கு, சும்மா ஒரு செவ்வாக்கிழம மத்தியானம் வந்தா உங்களையும் அர்ச்சகரையும் தவிர யாரும் இருக்க மாட்டாங்க, யாராவது ஒரு பாட்டு மாணவி வந்து சத்தமில்லாம ஒரு கீர்த்தனை பாடிட்டு போவாங்க. அரசு இசைக் கல்லூரியும் இந்த ஊர்லதான்.

ஆடி அமாவாசைக்கு வந்தா ஐயாறப்பர் கோயில்ல அப்பர் கயிலைக் காட்சி. கயிலைக்கு போக முடியாம தவிச்ச அப்பருக்கு இங்கயே கயிலைய காட்டினதா ஐதீகம், அன்னிக்கு அவர் பாடின தேவாரம் ஓதறத கேக்கலாம். தமிழ்ப் பாட்டு ஏன் இல்லன்னு மேல கேட்டவங்க கண்டிப்பா இந்த நாளைக்கு வாங்க, தியாகராஜருக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே இந்த ஊர்ல பாட்டு இருந்துச்சு. ஆத்துல குளிக்கணும்னு ஆசைன்னா மேட்டூர் தண்ணிய பாத்துக்குங்க, ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடறதுதான் வழக்கமான கணக்கு, சரியா வந்தா புஷ்யமண்டபத் துறையில எறங்கி குளிக்கலாம், மார்ச்சுல வந்துட்டு தண்ணி எங்கன்னு எங்கிட்ட கேக்காதீங்க.